சோத்துக் கூட்டம்

சுற்றறிக்கையில் அதன் பெயர்
மதிய இடைவேளைக் கலந்துரையாடல்.
எங்களுக்குச் சோத்துக் கூட்டம்.
மன்னார்குடியில், புதன்தோறும்,
ஒன்று பத்திலிருந்து ஒன்று ஐம்பது வரை,
உளவியல் ஆய்வகத்தில்.
முதுகலைக் கல்வியியல் இரண்டாம் ஆண்டு,
முப்பத்தொரு பேர்.
அமைப்பாளர் நான்.
யாரும் கை தூக்காத வகுப்பில்
தலை அரித்ததென்று கை தூக்கியவள்.

முதல் வாரம் பேச வந்தவர்
நாங்கள் சாப்பிடுவதைப் பார்க்கக் கூசி
கூரையைப் பார்த்தே பேசி முடித்தார்.
இரண்டாம் வாரம் ரசம் சிந்தி
சுவரோர அட்டவணையில்
ஒரு கற்றல் கோட்பாடு அழிந்தது.
எதுவென்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.
மூன்றாம் வாரம் நான் ஒரு விதி போட்டேன்:
அப்பளம் கூடாது.
பேசுகிறவர் மூச்சு வாங்கும் இடமாகப் பார்த்துத்தான்
ஒருவர் நொறுக்குகிறார்.

அமைப்பது என்றால்
மூன்று முறை போன்,
முதல்வர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு
புரொஜக்டர் சாவிக்குக் காத்து நிற்பது,
பேச்சாளருக்கு ஒரு பார்சல் சாப்பாடு, எழுபது ரூபாய்,
கணக்கில் 'இதர செலவு'.
மீன் குழம்பா சாம்பாரா என்று
முனைவர் பட்டம் வாங்கிய ஒருவரைக் கேட்கும்போது
குரலை எந்த உயரத்தில் வைப்பது?
எந்தத் தாளிலும் அதற்குப் பாடம் இல்லை.

பன்னிரண்டாம் புதன்.
கும்பகோணத்திலிருந்து முனைவர் கோதண்டபாணி.
தலைப்பு: தொடர் மதிப்பீடும் கற்பவரின் குரலும்.
ஒன்று ஐந்துக்கு அழைத்தார்.
"நீடாமங்கலத்துல கேட் போட்டுட்டான்மா."
இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு
அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.
நெல் ஏற்றிய சரக்கு வண்டி
இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும்வரை
ஆம்புலன்ஸும் மாப்பிள்ளை காரும்
மதிப்பீடும் குரலும்
ஒரே வரிசைதான்.

முப்பது டிபன் பாக்ஸ் திறந்தாகிவிட்டது.
திரையில் வெறும் வெள்ளைச் சதுரம்.
"யாராச்சும் ஏதாச்சும்..." என்றேன்.
மின்விசிறி மட்டும் பேசியது.

பேசியது நூருல் ஹிதாயா.
முத்துப்பேட்டையிலிருந்து பஸ் மாறி வருகிறவள்.
ஒன்றரை வருடமாக
வருகைப் பதிவுக்கு மட்டும் வாய் திறந்தவள்.
எலுமிச்சைச் சோற்றில் கடலையை ஒதுக்கிக்கொண்டே
யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

கோட்டூர்ப் பக்கம் பயிற்சிக்குப் போன பள்ளியில்
ஐந்தாம் வகுப்பில் இரட்டைப் பிள்ளைகள்.
ஒருவன்தான் வருவான்.
தன் பெயருக்கு ஒரு "உள்ளேன் டீச்சர்".
தம்பி பெயருக்குக் கொஞ்சம் குரல் மாற்றி
இன்னொரு "உள்ளேன் டீச்சர்".
தம்பி வாத்து மேய்க்கப் போயிருந்தான்,
அறுப்பு முடிந்த வயல் வயலாக,
எந்த ஊரென்று அண்ணனுக்கும் தெரியாது.
சத்துணவில் இரண்டு முட்டை வாங்குவான்.
ஒன்றைத் தின்பான்.
ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான்.

"நாப்பது நாளும் ரெண்டு பேருக்கும் டிக் போட்டேன்.
பயிற்சியில எனக்கு மிகச் சிறப்புன்னு குடுத்தாங்க.
நான் என்ன செஞ்சிருக்கணும்?"

வெற்றிச்செழியன் புகார் என்றான்.
யாரிடம் என்றாள் தையல்நாயகி.
முன்பணம் வாங்கிய அப்பனிடமா,
கொடுத்த வாத்துக்காரனிடமா?
அந்த முட்டையை நிறுத்தலாமா என்று ஒருவர் கேட்டு
கேட்டதற்காக வெட்கப்பட்டார்.
மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள்.
என் நிகழ்ச்சி நிரலில்
கேள்விகளுக்கு ஐந்து நிமிடம்.
யாரோ விதியை மீறி
அப்பளம் கொண்டுவந்திருந்தார்கள்.
கடைசிவரை அது முழுசாகவே இருந்தது.

ஒன்று நாற்பத்தெட்டுக்கு அவர் வந்தார்,
வேர்த்து, கையில் பென் டிரைவுடன்.
நான் மேசையைக் காட்டினேன்.
அவர் கொஞ்சம் நின்று கேட்டார்.
பிறகு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து
பார்சல் நூலை அவிழ்த்தார்.
சாம்பார்.

மணி அடித்து எல்லோரும் போனபின்
குறிப்பேட்டைத் திறந்தேன்.
பொருள் என்ற இடத்தில் நெடுநேரம் ஒன்றும் எழுதவில்லை.
வருகை: முப்பத்தொன்று என்று எழுதப் போனேன்.
காலையிலேயே மெர்லின் சொல்லியிருந்தாள்,
வடுவூரில் நிச்சயதார்த்தம்,
எனக்கும் சேத்துப் போட்டுடுடி என்று.
பேனா அந்தக் கட்டத்தின் மேல் நின்றது.

எழுபது ரூபாய்க்கு
ரசீது வாங்க மறந்திருந்தேன்.